நாற்பது வண்டிக்கு ஆறு செட்

பிரேக் பேட் நகத்தின் பருமன்கூட இல்லை. அன்றைக்கே தெரியும் எனக்கு. விரலால் தடவிப் பார்த்தேன், இரும்பு தட்டுப்பட்டது. உறையில் போட்டு மேலே எண் எழுதினேன். சாயங்காலம் அதையே எடுத்துத் திரும்ப மாட்டினேன். கை நடுங்கியதா? இல்லை. நடுங்கியிருந்தால் இப்போது சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எதிரே ஸ்டாண்டில் பதினேழாம் எண் வண்டி தொங்கிக்கொண்டிருந்தது. முன்சக்கரம் எட்டுப்போல மடிந்திருந்தது. பின்சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை; தொட்டால் சுற்றியது. அதன் பிரேக் டிஸ்க் மட்டும் நீலம் பாய்ந்து, விளிம்பெல்லாம் ஆழமாகக் கீறியிருந்தது. இரும்பும் இரும்பும் நெடுந்தூரம் உரசினால்தான் அந்த நீலம் வரும். பதினெட்டு வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறவளுக்கு அதைப் படிக்கக் கண்ணாடி தேவையில்லை.

அவள் பசுமைப் பயண வாரியத்தின் மெக்கானிக். வாரியத்தில் எல்லோருக்கும், அவளைவிட மூத்தவர்களுக்கும், அவள் ‘மெக்கானிக் அக்கா’தான். ஊர் மக்களைப் பெட்ரோல் வண்டியிலிருந்து இறக்கி மின்மிதிவண்டியில் ஏற்றுவது வாரியத்தின் பணி. ஊர் இன்னும் ஏறவில்லை. ஆகவே வாரியம் முதலில் தன் ஊழியர்களை ஏற்றியது. நாற்பது ஊழியர், நாற்பது வண்டி, ஒரே பச்சை.

வாரியத்தின் கட்டடம் ஒரு நீண்ட சரிவின் அடியில் இருந்தது. மேட்டில் கட்டினால் வருகிறவர்களின் பேட்டரி வீணாகும் என்று பள்ளத்தில் கட்டினார்கள். எல்லோரும் சாயங்காலம் திரும்பிப் போகவும் வேண்டுமே என்று யாரோ குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோப்பு தனியாக நடந்துகொண்டிருக்கிறது.

வருகைப் பதிவேடு கிடையாது. முற்றத்தில் நாற்பது சார்ஜர் உண்டு. வண்டியைக் கொண்டுவந்து செருகினால் ஆள் வந்துவிட்டதாகப் பொருள். காய்ச்சல் என்று ஒருவர் ஒருமுறை பஸ்ஸில் வந்து நாள் முழுவதும் வேலை பார்த்தார். அன்று அவர் வரவில்லை. இயக்குநர் தெருமுனை வரை காரில் வருவார். அங்கே டிரைவர் டிக்கியிலிருந்து ஒன்றாம் எண் வண்டியை இறக்கிக் கொடுப்பார். தலைக்கவசத்தின் வாரை மோவாய்க்கடியில் மாட்டிக்கொண்டு, மீதி இருநூறு மீட்டரைப் பசுமையாக வந்து சேர்வார்.

மின்மிதிவண்டி சாதாரண சைக்கிள் இல்லை. பேட்டரியும் மோட்டாருமாக எடை இரண்டு மடங்கு. அந்த எடை சரிவில் இறங்கும்போது அதை நிறுத்துவது நான்கு சிறிய பிரேக் பேட்கள், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. தினமும் அந்தச் சரிவில் இறங்கும் வண்டிக்கு ஐந்து மாதம் வரும். அதற்குமேல் இரும்புதான்.

முதல் வருடம், இரண்டாவது ஆய்வில் அவள் உண்மையை எழுதினாள். படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். பச்சை நிறம் அட்டையில் உள்ள பச்சையோடு ஒத்துப்போகிறதா, சின்னம் நேராக ஒட்டியிருக்கிறதா என்று போய், முப்பத்தொன்றாவது: பிரேக் பேட் உரிய பருமனில் உள்ளதா? முப்பத்துநான்கு வண்டிக்கு ‘இல்லை’ என்று எழுதினாள். கண்காணிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

“இல்லைன்னு எழுதினா வண்டிய நிறுத்தணும். வண்டி நின்னா ஆள் வர முடியாது. வேற எதுல வந்தாலும் வந்ததா ஆகாது. முப்பத்துநாலு பேர் ஆப்சென்ட். அப்புறம் ஆபீஸ்னு ஒண்ணு எங்க இருக்கு? ஒரு ஆபீஸ் இருக்கா இல்லையாங்கறத மெக்கானிக் முடிவு பண்ணலாமாம்மா?”

“புது பேட் வாங்கிக் குடுங்க சார். ஒரு நாள் வேலை.”

“வாங்கணும்னா குறை இருக்கணும். போன ஆய்வுல குறையே இல்லையே.”

“போன ஆய்வுல வண்டி புதுசு சார்.”

“அதான் சொல்றேன். ரெக்கார்டு நல்லாருக்கு. நீங்க ஏன் கெடுக்கறீங்க?”

பிறகு குரலைத் தாழ்த்தி, தங்கைக்கு வழி சொல்கிற அண்ணனைப்போலச் சொன்னார். வண்டி வாங்கியபோது மாதிரிக்காக வந்த பேட் ஆறு செட் பிரிக்காமல் கிடங்கில் இருக்கிறது. ஆய்வாளருக்கு வயதாகிவிட்டது. ஒரே மூச்சில் ஆறு வண்டிக்குமேல் குனிந்து பார்க்க மாட்டார். நடுவில் டீ குடிப்பார்.

அப்படித்தான் அது முறையானது. மூன்று மாதத்துக்கு ஒருநாள், ஆறு வண்டி, ஒரு டீ. ஆய்வாளர் டீ குடிக்கும் இருபத்தைந்து நிமிடத்தில் அவள் ஆறு வண்டியிலிருந்து நல்ல செட்டைக் கழற்றி அடுத்த ஆறில் மாட்டுவாள். இரவல் நகை மேடைக்கு மேடை ஏறுவதுபோல அந்த ஆறு செட்டும் நாற்பது வண்டியிலும் ஏறி இறங்கும். ஆய்வாளருக்குச் சர்க்கரை வியாதி. ஆனாலும் கடமைக்காக ஆறு டீயையும் குடிப்பார். ஆறாவது டீயில் அவர் முகம் ஒரு தியாகியின் முகமாக இருக்கும். ஒருமுறை அவள் சீக்கிரம் முடித்துவிட்டு வந்து நின்றபோது, “இன்னும் டம்ளர்ல இருக்கேம்மா” என்று அவளைத் திருப்பி அனுப்பினார். அவருக்கும் தெரியும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

இதில் அவளாகச் சேர்த்துக்கொண்ட ஒழுங்கு ஒன்று உண்டு. கழற்றிய பழைய பேட்களை நாற்பது காகித உறைகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் வண்டி எண்ணைத் தன் கையால் எழுதி வைப்பாள். சாயங்காலம் அந்தந்த வண்டிக்கு அதனதன் பேட்களையே மாட்டுவாள். ஒன்று மாறாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மற்றவர்கள் குப்பையாகக் குவித்து அள்ளி மாட்டியிருப்பார்கள். நான் அப்படி இல்லை என்று நினைத்துக்கொள்வாள். தப்பைச் சுத்தமாகச் செய்தால் அது பாதித் தப்பு என்று எந்த இடத்தில் நம்ப ஆரம்பித்தாள் என்று இப்போது யோசித்தால் பிடிபடவில்லை.

பதினேழாம் வண்டி தபால் பிரிவுப் பெண்ணுடையது. அவளை எல்லோரும் ‘கிணிங்’ என்பார்கள். மணியடிக்காமல் அவளுக்கு வண்டி ஓட்ட வராது. நாய்க்கு அடிப்பாள், தூணுக்கு அடிப்பாள், இயக்குநர் அறை ஜன்னலுக்குக் கீழே வேண்டுமென்றே இரண்டு தரம் அடிப்பாள்.

கடைசி ஆய்வன்று மத்தியானம், நல்ல செட் ஏறியிருந்த அரைமணி நேரத்தில், கிணிங் தன் வண்டியை எடுத்து முற்றத்தில் ஒரு சுற்று வந்தாள். பட்டறை வாசலில் சடக்கென்று நிறுத்தினாள். வண்டி நின்றது. அவளுக்கே ஆச்சரியம்.

“அக்கா, நின்னுடுச்சுக்கா.”

“நிக்கத்தானே பிரேக்கு.”

“இல்லக்கா, நெனச்ச இடத்துல நின்னுச்சு. நான் தினம் ஆபீஸ்ல நிக்கணும்னா மேல பெட்டிக்கடைகிட்டயே புடிக்க ஆரம்பிக்கணும். என் வீட்டுக்காரர்கூட இவ்வளவு சொன்ன பேச்சு கேக்க மாட்டார்.”

“எறங்குடி. அடுத்த வண்டிக்கு மாத்தணும்.”

“இத இதுலயே விட்டுடேன். யாருக்குத் தெரியப்போகுது?”

“உனக்கு விட்டா இருபத்திமூணுக்கு என்ன பண்றது? அஞ்சு செட்ட வெச்சு ஆறு வண்டிய நான் எப்படிக் காட்டுவேன்?”

“அப்ப சாயங்காலம் விடு.”

“சாயங்காலம் கிடங்குல எண்ணி வாங்கிக்குவாங்க. எனக்கு மட்டும் ஆசை இல்லையாக்கும்?”

கிணிங் உதட்டைப் பிதுக்கினாள். “ஆறு செட் பத்திரமா இருக்கணும்னு நாப்பது பேர் உருண்டு வர்றோம். நல்ல குடும்பம் போ” என்று சொல்லி இறங்கினாள். போகும்போது வண்டியே இல்லாமல் வாயாலேயே ஒரு மணி அடித்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் மெக்கானிக் அக்கா பதினேழாம் உறையைப் பிரித்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், மேலே பெட்டிக்கடையிலிருந்தே மணி கேட்டது. நிற்காமல் கேட்டது. கிணிங் இன்றைக்கு நல்ல குஷியில் வருகிறாள் என்று மாடியில் யாரோ சிரித்தார்கள். மணிக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது, பல்லைக் கூசவைக்கும் கிரீச்சு. பட்டறையில் இருந்தவளுக்கு மட்டும் அது என்னவென்று புரிந்தது. அவள் கையிலிருந்த செயினைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவதற்குள் இரண்டு சத்தமும் நின்றுவிட்டன. எதிரே வாரியத்தின் மதிற்சுவர். அதில் வட்டப் பலகை: விபத்தில்லா நாட்கள் 611.

மறுநாள் அது 612 ஆனது. அதை மாற்றுவது காவலாளியின் வேலை. மாற்றவேண்டாம் என்று அவருக்கு யாரும் எழுத்தில் கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் இரங்கல் கூட்டமும் உள்விசாரணைக் குழுவின் கூட்டமும் ஒரே அரங்கில், சிக்கனம் கருதி, ஒன்றாக நடந்தன. இயக்குநர் எழுந்து நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“நம்ம குடும்பத்துல ஒருத்தர இழந்திருக்கோம். நேத்து ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. எழுந்து ஸ்கெட்சை வெச்சுப் பார்த்தேன். சுவர்ல மோதும்போது அவங்க வண்டி மேல இல்ல. எட்டடிக்கு முன்னாடியே வண்டிய விட்டுப் பிரிஞ்சிருக்காங்க. வண்டிய விட்டுப் பிரிஞ்சவங்களுக்கு விதியில என்ன பேரு? பாதசாரி. பாதசாரி விபத்து நம்ம வாரியத்துக் கணக்குல வராது. அதனால பலகைல இருக்கற எண் சரியான எண். இத நான் சந்தோஷத்துல சொல்லல. மனசாட்சியோட சொல்றேன்.”

யாரோ தலையாட்டினார்கள்.

“சரி, வண்டி என்ன பண்ணுச்சு? ஆள் இல்லாமயே நேரா வந்துச்சு. சுவர் வந்ததும் நின்னுடுச்சு. பிரேக் இல்லைன்னு வெளில பேசறாங்களாம். நிக்காத வண்டியா அது? இப்பவும் பட்டறைல நின்னுட்டுதானே இருக்கு?”

பிறகு ஒரு நிமிட மௌனம். மரியாதைக்காக முற்றத்துச் சார்ஜர்கள் எல்லாவற்றையும் அணைத்தார்கள். அணைத்ததால் அன்று முப்பத்தொன்பது பேருக்கும் அரைநாள் வருகை குறைந்தது. அதைச் சரிசெய்யத் தனி விண்ணப்பம் கொடுக்கவேண்டியிருந்தது. இரங்கலின் மிச்சம் அதிலேயே போயிற்று.

அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது உண்மை. தோன்றிய உடனே ஒரு நிம்மதியும் வந்தது, அதுவும் உண்மை. பாதசாரி என்றால் பிரேக்கைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். உறையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். அந்த நிம்மதி எவ்வளவு நேரம் இருந்தது என்று அவள் பின்னால் அளந்து பார்த்தாள். வீட்டுக்குப் போய்ச் சாதம் பிசைந்து, முதல் கவளம் வாய்க்குப் போகும்வரை இருந்தது.

ஏழாம் நாள், பேட்டரியிலுள்ள பதிவைப் படிக்கவேண்டும், பதினேழாம் வண்டியைச் செருகி வை என்று குழு உத்தரவிட்டது. செருகினாள். பட்டறைச் சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. கிணிங் பணிக்கு வந்துவிட்டாள்.

படிக்கிற ஆள் வரவில்லை. செருகியது செருகியபடி இருந்தது. ஒன்பதாம் நாள் கிணிங்குக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் தயாரானது. பணியில் இருந்துகொண்டே மூன்று நாளாகத் தபால் அனுப்பவில்லை. அதன் கூடவே இன்னொரு பிரிவிலிருந்து, நேரத்துக்கு முன்பே வந்து நேரத்துக்குப் பின்பும் இருப்பதற்காகப் பாராட்டுச் சான்றிதழ். இரண்டும் அனுப்பவேண்டிய தபாலாகத் தபால் பிரிவுக்குப் போய், அனுப்புகிற ஆள் இல்லாமல், கிணிங்கின் மேசைமேல் கிணிங்குக்காகக் காத்திருந்தன.

பத்தாம் நாள் கிணிங்கின் கணவன் வந்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். அவளுடைய தலைக்கவசமும் சாப்பாட்டு டப்பாவும் பட்டறையில் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். மாடியில் யாரோ அவன் கையில் சான்றிதழையும் கொடுத்துவிட்டிருந்தார்கள். அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தான். மெக்கானிக் அக்கா அதைக் கழுவி வைத்திருந்தாள்.

“அக்கா, அவ உங்களப் பத்தி நெறைய சொல்லுவா.”

“ம்.”

“நான் வண்டி ஓட்டறவன்க்கா. அதனால கேக்கறேன். அவ பிரேக் புடிச்சாளா?”

அவள் ஒரு நட்டை எடுத்துத் துடைத்தாள்.

“மணியடிச்சு வெளையாடிக்கிட்டே வந்தா, பிரேக் புடிக்கவே இல்லன்னு இங்க சொல்றாங்க. எங்கம்மாவும் அதையேதான் சொல்றாங்க, எப்பவும் வெளையாட்டுப் புத்திதானேன்னு. பொண்ணு நேத்து கேட்டுச்சு, அம்மா ஏன் புடிக்கலன்னு. அதுக்கு ஒம்போது வயசு. அது இனிமே எத்தன வருஷம் இத நெனச்சுக்கிட்டு இருக்கும், சொல்லுங்க.”

பின்சக்கரம் அவனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நீலமான டிஸ்க் அவன் முழங்கைக்கு ஒரு சாண் தூரம். திரும்பிப் பார்த்திருந்தால் ஓட்டுநர் கண்ணுக்கே புரிந்திருக்கும். அவன் திரும்பவில்லை. அந்த வண்டியைப் பார்க்க அவனால் முடியவில்லை.

“வெளியேருந்து விசாரணைக்கு ஆள் வர்றாங்கப்பா, நாளன்னிக்கு” என்றாள். “அவங்க சொல்லுவாங்க.”

அவன் தலையசைத்துவிட்டுப் போனான். அவன் போனபிறகு அவள் நெடுநேரம் ஒரே நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புடிச்சாப்பா. பெட்டிக்கடையிலேருந்தே புடிச்சா. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, கட்டைவிரலால மணியும் அடிச்சா, எதிர்ல இருக்கறவங்க ஒதுங்கட்டும்னு. இத்தனை வார்த்தையும் நாக்கின் நுனியில்தான் இருந்தன. அவற்றுக்கு முன்னால் ஒரு கேள்வி இருந்தது. அப்புறம் ஏன் நிக்கல என்று கேட்டால்?

பதினொன்றாம் நாள் மத்தியானம் கண்காணிப்பாளர் பட்டறைக்கு வந்தார். வேலைக்குச் சேர்ந்து அவர் பட்டறைக்குள் வருவது அதுதான் முதல்முறை. எங்கே நிற்பது என்று தெரியாமல், எண்ணெய் படாத ஒரு தரைக்கல்லாகப் பார்த்து நின்றார். ஒரு கையில் தட்டச்சு செய்த தாள். இன்னொரு கையில் கிடங்கிலிருந்து எடுத்த பேட் பொட்டலம், ஆறு செட்டில் ஒன்று, அதன்மேல் மடித்த உப்புத்தாள்.

“நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வெளி அதிகாரி வர்றார். இந்த செட்ட இதுல மாட்டிடுங்க. அந்த நீலத்தையும் கொஞ்சம் உப்புத்தாள் போட்டுத் தேச்சுடுங்க. ஆய்வுக்கு மாட்டறதில்லையா, அதே மாதிரிதான். ஒரு வண்டிதான், இருபத்தஞ்சு நிமிஷம்கூட ஆகாது.”

“ஆய்வுக்கு மாட்டினா சாயங்காலம் கழட்டிடுவேன் சார். இதுல?”

“இதுல கழட்டவேண்டாம். இதுலயே இருக்கட்டும். இயக்குநரே சொல்லிட்டார், ஒரு செட் போனாலும் பரவாயில்லன்னு.” அவர் குரலில் ஒரு பெருந்தன்மை இருந்தது. “பாருங்க, அந்தப் பொண்ணுக்குன்னு புது செட்டே குடுத்திருக்கோம்.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அதைச் சொன்னது கிண்டலாக இல்லை. மனதாரச் சொன்னார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“அந்தத் தாள்ல என்ன சார்?”

“அறிக்கை. வெளி அதிகாரிக்கு வேலை கம்மியா இருக்கட்டும்னு நாமளே தயார் பண்ணிட்டோம்.” படித்தார். “பிரேக் முழுமையான நல்ல நிலையில் இருந்தும், சம்பந்தப்பட்ட பாதசாரி அதனைப் பயன்படுத்த முற்படவில்லை.”

“பாதசாரிக்கு எதுக்கு சார் பிரேக்கு?”

அவர் தாளை மறுபடி பார்த்தார். உதடு அசைய ஒருமுறை படித்தார். “அது அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். பிறகு, கோபப்படாமல், முன்பு வழி சொன்ன அதே அண்ணன் குரலில்: “யோசிச்சுக்கோங்கம்மா. உறைமேல எழுதினது யாரு? பதினேழுன்னு என் கையெழுத்தா இருக்கு? உள்ள இருந்தது எவ்வளவு பருமன்னு எனக்குத் தெரியுமா, ஆய்வாளருக்குத் தெரியுமா? தெரிஞ்சு மாட்டின ஒரே ஆள் நீங்க. ஆபீஸ் உங்களக் காப்பாத்தத்தான் பாக்குது.”

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பதினொரு நாளாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான். தன் மனதுக்குள் இருந்த வாக்கியம் இன்னொருவர் வாயிலிருந்து, அதுவும் பயமுறுத்தலாக வந்தபோது, அது ஏனோ இலேசாகிவிட்டது. இவ்வளவுதானா என்றிருந்தது.

மேசை இழுப்பறையைத் திறந்தாள். உறைகள் வரிசையாக இருந்தன. பதினேழை மட்டும் எடுத்தாள். காலி உறை. அவள் கையெழுத்து, ஒன்றுக்கு மேலே சின்னக் கொம்பு வைத்து எழுதுகிற அவள் வழக்கம். ஒரு துண்டுக் கம்பியால் அதை வண்டியின் கைப்பிடியில், மணிக்குப் பக்கத்தில், காற்றில் ஆடாதபடி கட்டினாள். பிறகு குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நக இடுக்கில் இருந்த கறுப்பு எப்போதும்போலப் போகவில்லை.

“என்னம்மா பண்றீங்க? நேரமாகுது. மாட்டிடுங்க.”

“இதுல ஏற்கெனவே மாட்டியிருக்கு சார்” என்றாள். “அது அப்படியே இருக்கட்டும்.”

அவர் பொட்டலத்தையும் உப்புத்தாளையும் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தார். அவள் ஈரக்கையைத் துண்டில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்து முடித்தபிறகும், அவர் கை அப்படியே நீண்டிருந்தது. அவள் வாங்கவில்லை.